வலிப்பு நோயும் வழித்துணையும்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இரவு, எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் ரயிலில் நான் பிரயாணம் செய்துகொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டி வண்டி நல்ல வேகம் பிடித்திருந்தது. பெரும்பாலோர் படுத்துவிட்டனர். எதிர்ப் பலகையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். திடீரென்று அவரிடமிருந்து ஓர் ஓலம் எழுந்தது. அடுத்த கணம் அவர் சரிந்து இரண்டு பலகைகளுக்கும் நடுவே விழுந்தார். உடல் கட்டைபோல் விறைத்தது. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரத்தில் நுரை கண்டது.

பெட்டி முழுவதும் விழித்துக்கொண்டது. "இரும்பு! இரும்பு!" என்று ஒருவர் கூவிக்கொண்டே தமது சாவிக்கொத்தை இளைஞரின் கையில் திணித்தார். மற்றொருவர் ஒரு கரண்டிக் காம்பை அவர் பற்களுக்கிடையே செலுத்தப் பார்த்தார். இரண்டு பேர் அவருடைய கால்களைத் தம் பலங்கொண்ட மட்டும் அமுக்கிப் பிடித்துக்கொண்டனர். ஒரு தாய் தன் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, தொற்று வந்துவிடுமோ என்று அஞ்சி, அப்பால் போனாள். வயோதிகர் ஒருவர் வாயில் தண்ணீர் விடச் சொன்னார். அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தைத் திறந்து நீட்டியவன் நான்தான். அங்கிருந்தவர்களில் கெட்ட எண்ணம் படைத்தவர் ஒருவருமில்லை. ஆயினும் எல்லோரும் செய்தது தவறு.

நல்ல வேளையாக, அடுத்த பகுதியிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்ப்பவர் என்று பின்னர் அறிந்தோம். "காலை விடுங்கள் ஐயா, வாயில் ஒன்றும் வைக்காதீர்கள்" என்று அதட்டி எல்லோரையும் விலக்கினார். ஒரு துண்டை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தார். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினார். கைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இழுப்பு இரண்டு நிமிஷத்தில் நின்றது. உடனே அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சில் வெளியே வழிந்து போகும்படி செய்தார். அவர் செய்தது இவ்வளவுதான்.

கால் மணி நேரத்திற்குப் பிறகு இளைஞர் தெளிந்து எழுந்தார். தாகத்திற்குத் தண்ணீர் கேட்பார், அல்லது எந்த ஊர் என்று கேட்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "ஐயா, இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்பதே. அவர் மறு நாள் ஓர் உத்தியோகத்திற்காக நேரில் பேசப் போகிறவர். எங்களில் எவருக்கும் அவருடைய ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. யாரிடம் போய் நாங்கள் சொல்லிவிட முடியும்? மாத்திரை அவர் பையிலேயே இருந்தது. "இது எதற்கு மாத்திரை?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கூசி, இரவு வேளை மாத்திரையை அவர் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முந்திய இரண்டு இரவுகளும் படிப்பினால் தூங்கவுமில்லை. வியாதி அவரை வீழ்த்தியது என்று சொல்வதைவிட, வெட்கம் அவரை வீழ்த்தியது என்று சொல்வதே பொருந்தும். அந்த வெட்கத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் நாமேயல்லவா?

வியாதியின் இயல்பு

காக்காய் வலிப்பு என்று நாம் வழங்கும் இந்த வியாதியின் பெயர், கால் கை வலிப்பு என்பதன் மரூஉ என்று சொல்வார்கள். பழைய ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதை இதை அபஸ்மாரம், அதாவது நினைவு அழிதல் என்று குறித்து, வாத பித்த கபங்களின் கோளாறாக வைத்துச் சிகிச்சையும் கூறுகிறது. தமிழில் இதற்கு முயலகன் என்று பெயர். நடராஜப் பெருமானின் திருவடியின்கீழ்க் கிடக்கும் குறள் வடிவம் அம்முயலகனே. கொல்லிமழவனின் மகளுக்கு இருந்த முயலக நோயைத் திருஞானசம்பந்தர், இன்று திருவாசி என்று வழங்கும் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது நம் நாட்டு வரலாறு. ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த அரசன் தன் மகளை ஒளித்து வைக்கவில்லை. ஊரறியக் கோயிலில் கிடத்தி, வந்தவரிடம் குறையைச் சொன்னான். இன்று நம்மில் எத்தனை தகப்பன்மார் அவ்விதம் செய்யத் துணிவர்?

கிரேக்க தேசத்தில் இதைத் தெய்வ வியாதி என்று மக்கள் அஞ்சி வந்தனர். கி. மு. 400-ம் வருஷத்தையொட்டி, ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் வைத்திய நூல் ஒன்று, மற்ற வியாதிகளைவிட இதில் தெய்வத்தன்மை எதுவும் அதிகமில்லை, இதற்கு இருப்பிடம் மூளையே என்று துணிந்து கூறிற்று. இக்கூற்று உலகத்தில் வேரூன்ற இரண்டாயிரம் வருஷத்திற்கு மேல் பிடித்தது. 1873-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் என்னும் வைத்தியர், மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் திடீரென்று அளவு மீறி எழும் சக்திப் பாய்ச்சலே வலிப்பு என்று விளக்கினார். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்பவர் மனிதனுடைய மூளையின் மின்சார அலைகளை 1924-ல் பதிவு செய்து 1929-ல் வெளியிட்டார். அதன் பிறகு, கண்ணுக்குப் புலப்படாத இந்த வியாதியின் சுவடு காகிதத்தில் கோடுகளாகத் தெரியலாயிற்று.

மூளையின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று மிக மெல்லிய மின்சாரத்தினால் பேசிக்கொள்கின்றன. ஒழுங்காக நடைபெறும் இப்பேச்சு ஒரு கணத்தில் பெருங் கூச்சலாக மாறிவிடுவதே வலிப்பு. அது மூளை முழுவதும் பரவினால் மனிதன் விழுந்து இழுக்கிறான். ஒரு மூலையோடு நின்றால் பல சமயங்களில் விழுவதுமில்லை, இழுப்பதுமில்லை. சில நொடிகள் வெறித்துப் பார்ப்பான். அல்லது சும்மா வாயை மென்றுகொண்டிருப்பான். அல்லது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே எங்கேயோ நடந்து போவான். இப்படிப்பட்டவனை ஸ்டேஷனிலும் கடைவீதியிலும் குடிகாரன் என்றும் திருடன் என்றும் கருதி அடித்துவிடுகிறவர்கள் உண்டு.

பிறக்கும்போது குழந்தையின் மூளைக்கு ஏற்படும் சேதம், தலையில் அடி, மூளைக் காய்ச்சல், பக்கவாதம், பரம்பரைக் கூறு முதலியவை இதற்குக் காரணங்களாகும். நமது தேசத்தில் மற்றொரு காரணமும் முக்கியமானது. நாடாப் புழுவின் முட்டைகள் அசுத்தமான தண்ணீர், கழுவாத காய்கறி இவற்றின் மூலம் வயிற்றுக்குள் சென்று, அங்கிருந்து மூளையில் போய்க் கட்டியாகத் தங்குகின்றன. ஆகவே, நல்ல கக்கூசும் சுத்தமான தண்ணீரும் கேட்டுக் கிளர்ச்சி செய்கிறவர், தாம் அறியாமலே வலிப்பு நோயையும் எதிர்த்துப் போராடுகிறார். எத்தனையோ பேரிடம் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். இது தொற்று நோயன்று, பேய் பிடித்தலுமன்று, பைத்தியமுமன்று.

உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 100-க்கு 80 பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் வாழ்கின்றனர். தக்க சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரையில் வலிப்பே வராமல் வாழ முடியும். இதற்குரிய மருந்துகள் புதியவையுமல்ல. பொட்டாசியம் புரோமைடு 1857-லும், பீனோபார்பிட்டோன் 1912-லும், பீனிட்டாயின் 1938-லும் வழக்கத்திற்கு வந்தன. வருஷத்திற்கு 5 டாலர் செலவிலேயே ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கலாம் என்று அதே ஸ்தாபனம் கூறுகிறது. அப்படியிருந்தும் மிக ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பங்கு நோயாளிகளுக்கு வேண்டிய சிகிச்சை கிடைப்பதில்லை. நூறு வருஷத்திற்கு மேற்பட்ட மாத்திரை ஏழையின் வீட்டை இன்னும் எட்டவில்லை என்பது விஞ்ஞானத்தின் குற்றமா, நம்முடைய குற்றமா?

மறைத்த ஒருவரும் மறைக்காத ஒருவரும்

இந்த வியாதியுடன் ஊர் சுற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு, எட்வர்ட் லியர் என்னும் ஆங்கிலச் சித்திரக்காரரின் சரித்திரம் பதில் கூறும். 1812-ல் லண்டனில் பிறந்த அவருக்கு ஐந்தாறு வயதிலேயே வலிப்பு கண்டது. குழந்தைகள் சிரித்து மகிழும் வேடிக்கைப் பாடல்களை எழுதிப் புகழ் பெற்றவர் அவர். விக்டோரியா மகாராணிக்கு 1846-ல் சித்திரம் கற்பித்தவரும் அவரே. இத்தாலி, கிரீஸ், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம் முதலிய தேசங்களில், நல்ல பாதையும் வண்டியும் இல்லாத அக்காலத்தில், மலையும் காடும் ஏறி இறங்கிப் படம் எழுதினார். வயது அறுபத்தொன்றான பிறகு, 1873-ம் வருஷக் கடைசியில் பம்பாயில் வந்து இறங்கி, 1875-ம் வருஷத் தொடக்கம் வரையில் இந்தியாவைச் சுற்றினார். டார்ஜிலிங்கிலிருந்து காஞ்சன்ஜங்கா சிகரத்தைக் கண்டு வரைந்தவர், நம் சென்னைக்கும் மாமல்லபுரத்திற்கும் தஞ்சைக்கும் திருச்சிக்கும் நீலகிரிக்கும் வந்து படம் எழுதியிருக்கிறார். பிறகு இலங்கைக்கும் சென்றார்.

இவ்வளவு செய்த மனிதர் தம் வியாதியை ஏறக்குறைய யாருக்குமே தெரியாமல் மறைத்தார். அதைப் பிசாசு என்றே அவர் குறிப்பிட்டார். வலிப்பு வரும் குறி முன்கூட்டியே தெரியும். உடனே கூட்டத்தை விட்டு நழுவித் தம் அறைக்குள் போய்விடுவார். தம் தினக் குறிப்பில் வலிப்பு வந்த நாட்களில் சிலுவைபோல ஓர் அடையாளம் மட்டும் போட்டு வைத்தார். உற்ற நண்பர்களுக்கும் அந்த அடையாளத்தின் பொருள் தெரியாது. மணம் செய்துகொள்ள விரும்பியும் செய்துகொள்ளாமலே இருந்து, 1888-ல் இத்தாலியில் ஸான் ரெமோ என்னும் ஊரில் காலமானார். அவரை வலிப்பு ஒரு நாட்டிலும் தடுத்து நிறுத்தவில்லை. ஆனால் மறைக்க வேண்டும் என்ற கவலை எல்லா நாட்டிலும் அவர் கூடவே சென்றது.

ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கிக்கும் இதே வியாதிதான். அவர் 1867-ல் தம் மனைவியுடன் புறப்பட்டு நான்கு வருஷ காலம் ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்தார். கடனும் வறுமையும் வலிப்பும் அவரைத் தொடர்ந்தன. அவர் அதை மறைக்கவில்லை. அந்தப் பிரயாணத்தின் நடுவில் எழுதிய 'அசடன்' என்னும் நாவலில் தம் வியாதியைக் கதாநாயகனுக்கே கொடுத்தார். அக்கதை ரயில் வண்டியின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் தொடங்குகிறது. ஸ்விட்ஸர்லாந்தில் வலிப்புக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் அந்த இளைஞன், எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் அறியாதவர்களிடம் தன் நோயைக் கூசாமல் சொல்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள், அவன் கோபித்துக்கொள்ளவில்லை. நம்முடைய ரயிலில் விழுந்த இளைஞருக்கும் அப்படிச் சொல்லும் தைரியம் இருந்திருந்தால், மாத்திரையை எல்லோர் முன்னிலையிலும் விழுங்கியிருப்பார், விழுந்திருக்கவும் மாட்டார். ஆனால் தைரியத்தை நோயாளியிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. சொன்னால் சிரிக்காத ஒரு பெட்டியை நாம் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பிரயாணம் செய்வோர் அறிய வேண்டியவை

வலிப்பு நோயாளிகள் பிரயாணம் செய்யலாகாது என்பது தவறான எண்ணம். அறிந்து நடந்தால் போதும். வலிப்பைத் தூண்டுபவை முக்கியமாக நான்கு: மாத்திரை தவறுதல், தூக்கம் கெடுதல், காய்ச்சல், மதுபானம். இவற்றில் முதல் இரண்டும் பிரயாணத்தில் எளிதில் நேர்ந்துவிடும். ஆதலால் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே எறியும் பெரிய பெட்டியிலோ, விமானத்தில் தனியே அனுப்பும் சாமானிலோ வைக்கலாகாது. போகும் நாட்களுக்கு வேண்டியதைவிடச் சில நாட்களுக்கு அதிகமாகவே எடுத்துச் செல்வது நல்லது. மருந்தின் சரியான பெயரும் அளவும் எழுதிய வைத்தியர் சீட்டு கூடவே இருக்கட்டும். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். மருந்தின் பெயர் மாறாது.

ரயிலில் மேல் பலகை வேண்டாம். கீழ்ப் பலகையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியின் வாசற்படியில் நிற்பது எவருக்குமே ஆபத்து. இவர்களுக்கு இரட்டிப்பு ஆபத்து. கூட வருபவர்களில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரவு பஸ்ஸில் இரண்டு நாள் தொடர்ந்து உட்கார்ந்து போவதைவிட, நடுவில் ஓர் இரவு தங்கித் தூங்கிப் போவது மேல். குற்றாலத்தின் அருவியாயினும், காவேரியின் படித்துறையாயினும், ராமேசுவரத்தின் கடலாயினும் தனியே நீரில் இறங்கலாகாது. பக்கத்தில் நீச்சல் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். பழனிக்கும் சபரிமலைக்கும் விரதமிருந்து நடந்து செல்லும் பக்தர்கள், விரதம் என்பதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. எந்த வேளையில் உண்பது, எந்த வேளையில் மருந்தைப் போட்டுக்கொள்வது என்பதை முன்னதாகவே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெளிநாடு செல்வோர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பீனோபார்பிட்டோன், குளோபஸாம் போன்ற மருந்துகள் பல தேசங்களில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. வைத்தியர் கடிதமின்றிச் சுங்கச் சாவடியில் சிக்கிக்கொள்ள நேரலாம். கிழக்கிலும் மேற்கிலும் கடிகாரம் மாறும்போது இரண்டு வேளை மருந்துக்கும் இடையில் காலம் நீண்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலேரியாவைத் தடுக்கக் கொடுக்கும் மெஃப்ளோகுவின் மாத்திரை வலிப்பைத் தூண்டக் கூடியது. ஆகவே மருந்து கொடுப்பவரிடம் தம் வியாதியை மறைக்கலாகாது.

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பொது வேலையில் ஈடுபட்டவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மாலையில் ஓர் ஊரில் கூட்டம், நள்ளிரவில் பஸ், விடியற்காலையில் வேறோர் ஊரில் ஊர்வலம் என்று அலைவது நம்மவர் வழக்கம். உண்ணாவிரதமும் இடையே வரும். உங்கள் தொண்டர்களில் ஒருவருக்கு வலிப்பு இருக்கலாம். தலைவரிடம் சொன்னால் வேலையிலிருந்து விலக்கிவிடுவார் என்று பயந்து அவர் மௌனமாக இருக்கலாம். அவரை விலக்க வேண்டாம். ஆறு மணி நேரமாவது தூங்கவிடுங்கள். வேளைக்கு உணவும் மருந்தும் கொள்ள இடம் கொடுங்கள். அவர் மற்ற யாருக்கும் குறையாமல் வேலை செய்வார்.

அருகில் இருப்பவர் கடமை

எதிரில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் செய்ய வேண்டியது சொற்பம். அவரைச் சுற்றியுள்ள கூர்மையான சாமான்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். கழுத்திலும் இடுப்பிலும் இறுகியிருப்பதைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவு வரும் வரையில் கூட இருந்து, அமைதியாகப் பேசுங்கள்.

செய்யக் கூடாதவை: கையையும் காலையும் பிடித்து அமுக்காதீர்கள், எலும்பு முறியும். வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். பல் உடையும், மூச்சு அடைக்கும். தெளிவதற்கு முன் தண்ணீரோ சோடாவோ புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போகும். இரும்பைக் கையில் கொடுப்பதனால் நன்மை ஒன்றுமில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே நின்றுவிடும். அது நிற்கிற சமயத்தில் சாவி கையிலிருப்பதனால், சாவிதான் நிறுத்தியது என்று நம் முன்னோர் எண்ணினர். சாவி கொடுக்காத நர்ஸ் அம்மாளின் முன்னிலையிலும் அது நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வலிப்பு ஐந்து நிமிஷத்திற்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பு முன்னே மறுபடியும் வந்தாலும், தண்ணீரில் விழுந்திருந்தாலும், பலத்த காயம்பட்டிருந்தாலும், கர்ப்பிணியாயிருந்தாலும், அதுவே முதல் வலிப்பாயிருந்தாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணுக்கும், ஓடும் ரயிலில் 139 என்ற எண்ணுக்கும் சொல்லலாம். சில நோயாளிகளிடம் மூக்கில் தெளிக்கும் மருந்து இருக்கும். அதை உபயோகிக்கும் முறையை அவருடன் செல்பவர் முன்னமே கற்றிருக்க வேண்டும்.

சட்டமும் சமூகமும்

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைப் பார்ப்போம். ஹிந்து விவாகச் சட்டத்தில் 1976-ம் வருஷத்தில் ஒரு திருத்தம் செய்து, பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து, அது அடிக்கடி வருகிறவர் விவாகத்திற்குத் தகுதியற்றவர் என்று எழுதி வைத்தார்கள். மூளை வைத்தியம் எவ்வளவோ முன்னேறிய காலத்தில் செய்த திருத்தம் அது. பலருடைய முயற்சியினால் 1999-ல் வலிப்பு என்ற சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து நீங்கியது சம்பந்தம் பேசும் கூடத்திலிருந்து நீங்கியதா? இல்லை. இன்றும் பெண்ணுக்கு வலிப்பு என்றால் ஒளித்துத்தான் கல்யாணம் செய்கிறார்கள். புக்ககம் போன பெண், மாமியார் கண்ணில் மாத்திரை பட்டுவிடுமே என்று அதை நிறுத்துகிறாள். ஒரு மாதத்திற்குள் அடுப்பங்கரையில் விழுகிறாள். பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்ற கூச்சல். முதலில் உண்மையைச் சொல்ல முடியாதபடி செய்தவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை.

மோட்டார் லைசென்ஸ் விஷயமும் இது போன்றதே. மனுப் பத்திரத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. உண்டு என்று மெய் எழுதுகிறவருக்கு வாசல் அடைபடுகிறது. சாலையில் போகும் மற்றவர்களின் உயிரைக் காப்பது சர்க்காரின் கடமைதான். அதை நாம் மறுக்கவில்லை. வலிப்பு நிற்காதவர் வண்டி ஓட்டவே கூடாது. ஆனால் பிரிட்டனில் ஒரு வருஷ காலம் வலிப்பு வராதவருக்குச் சொந்தக் கார் ஓட்ட அனுமதி கிடைக்கிறது. பெரிய லாரிக்கு மருந்தில்லாமல் பத்து வருஷம் வராதிருக்க வேண்டும். இவ்விதம் காலவரை வகுத்தால், ஜனங்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைத்தியரிடம் மெய் சொல்வார்கள். வரையின்றி என்றைக்கும் கதவடைத்தால், பொய் எழுதிவிட்டு ஓட்டுவார்கள். எது சாலைக்குப் பாதுகாப்பு?

அங்கவீனர் உரிமைகளுக்காக 2016-ல் இயற்றிய சட்டம் 21 வகைக் குறைகளைக் கூறுகிறது. அந்த ஜாபிதாவில் வலிப்புக்குப் பெயர் சொல்லி ஓர் இடமில்லை. ஆரோக்கியமான மனிதன் என்று சொல்லி வேலை கொடுக்கவும் முதலாளி தயங்குகிறார். குறையுள்ளவன் என்று சொல்லிச் சலுகை கொடுக்கவும் சட்டம் தயங்குகிறது. நோயாளி இரண்டிற்கும் நடுவில் நிற்கிறான். உலக சுகாதார மகாசபை 2022-ல், வலிப்பு முதலிய நரம்பு வியாதிகளுக்காக 2031 வரையில் செல்லும் ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதை நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரையில் கொண்டுவருவது நம்முடைய வேலை.

திறமை நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-லேயே மூளை அறுவைச் சிகிச்சைப் பகுதியைத் தோற்றுவித்தார். 1952-ல் அங்கே வலிப்பு நோய்க்கு அறுவைச் சிகிச்சையும் நடந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்பை அறுவையினால் நிறுத்துவது இன்று நம் நாட்டில் பல இடங்களில் நடைபெறுகிறது. நமக்குக் குறைவாயிருப்பது திறமையன்று. திறமையும் மாத்திரையும் கடைசிக் கிராமத்திற்குப் போய்ச் சேரும் ஏற்பாடுதான் குறைவு.

செய்ய வேண்டியது

ஆகவே நாம் கோருவது இது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வலிப்பு மாத்திரை ஒரு நாளும் தடைப்படாமல் கிடைக்க வேண்டும். பள்ளி ஆசிரியர், ரயில் ஊழியர், பஸ் கண்டக்டர், போலீஸ்காரர் ஆகிய எல்லோருக்கும் மேலே கூறிய முதலுதவியைக் கற்பிக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும். லைசென்ஸ் விஷயத்தில் வைத்தியர் சான்றும் காலவரையும் கொண்ட விதியைச் சர்க்கார் வகுக்க வேண்டும். இவற்றைச் சட்டசபையில் கேட்க அங்கத்தினர்கள் இருக்கின்றனர். அவர்களைக் கேட்க வைக்க வாக்காளராகிய நாம் இருக்கிறோம்.

சர்க்காருக்குக் காத்திராமல் நாமே செய்யக் கூடியதும் உண்டு. ஊர்ச் சங்கங்களும் வாசகசாலைகளும் வாலிபர் கழகங்களும் மாதத்திற்கு ஒரு கூட்டம் நடத்துகின்றனவே. அதில் ஒரு கூட்டத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒரு வைத்தியரையோ நர்ஸையோ அழைத்துச் செய்து காட்டச் சொல்லலாம். நம் வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால், அதைக் காய்ச்சல் என்று சொல்வது போல் வாய்விட்டுச் சொல்லப் பழகலாம்.

அன்று அந்த இளைஞர் விடியற்காலையில் தம் ஊரில் இறங்கினார். இறங்குமுன் நர்ஸ் அம்மாள் அவரிடம், "தம்பி, இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு போ. வெட்கப்பட என்ன இருக்கிறது?" என்றார். அவர் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். எவரும் எதற்கு என்று கேட்கவில்லை. முதல் நாள் இரவு கரண்டிக் காம்பைக் கொண்டு வந்தவர்தாம் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து நீட்டினார். இளைஞர் மாத்திரையை எல்லோர் எதிரிலும் விழுங்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.